ஆள் இல்லாத பஸ் நிலையம்

ஜனவரி 12

வாலு,

நான் நன்றாக இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே எழுதாவிட்டால் மீதியை நீ அழுதுகொண்டேதான் படிப்பாய். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? உன் தலைவலி விட்டதா?

தீர்ப்பு அன்று கூண்டிலிருந்து உன்னைத் தேடினேன். மாப்பிள்ளை மட்டும் வந்திருந்தார். உனக்குக் காய்ச்சல் என்றார். கிடங்கு தீப்பிடித்துக் காவலாளி செத்ததற்கு, அங்கே மின்வேலை பார்த்த நான்தான் பொறுப்பு என்று ஆகிவிட்டது. யாரை நொந்து என்ன பயன்? வக்கீலைப் பிடித்ததும் மாப்பிள்ளைதான், என் வாடகை அறையைக் காலி செய்து சாமான்களை உங்கள் வீட்டுக்கு ஏற்றிப்போனதும் அவர்தான். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்.

இங்கே போன் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. தபால் மட்டும்தான். அதையும் ஒருவர் பிரித்துப் படித்த பிறகே கொடுப்பார். (ஐயா, வணக்கம்.) சிறைக்குள் எந்த மின்விசிறி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எந்த வேலை என்னை உள்ளே தள்ளியதோ அதே வேலைதான் உள்ளேயும்.

உன்னிடம் ஒரு உதவி. என் கம்ப்யூட்டரில் நானும் என் கூட்டாளி பேட்டரியும் சேர்ந்து செய்த மாட் ஒன்று இருக்கிறது. மாட் என்றதும் 'பால் கறக்குமா?' என்று கேட்டவள் நீ. அதனால் மறுபடி சொல்கிறேன். கடையில் விற்கிற அந்த வீடியோ கேமில் சண்டை மட்டும்தான் போடலாம். அதன்மேல் எங்கள் ஒட்டுவேலையைப் போட்டுவிட்டால் வேண்டிய உலகத்தை நாமே கட்டி, அதற்குள் நடந்து திரியலாம். ஆறு, மலை, அம்மா இருந்தபோது நாம் குடியிருந்த மாடி வீடு எல்லாம் அதில் கட்டி வைத்திருக்கிறேன். பேட்டரியின் செல்போன் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் அதில் சுற்றிப் பார்க்கிறார்கள். அவன் மாதம் ஒருமுறை உங்கள் வீட்டுக்கு வருவான். பென் டிரைவில் நகல் எடுத்துக் கொடுத்துவிடு. நடுவில் நீயும் ஏதாவது கட்டு. சும்மா கிடந்தால் துருப்பிடித்துப் போகும்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? போர்வை கொடுக்கிறார்களா? இங்கே இருவரும் சுகம்.

உன் கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்திருக்கிறோம். அங்கேதான் வைக்க வேண்டும் என்று அவர் சொன்னார். இன்டர்நெட்டை எடுத்துவிட்டார். உன் விளையாட்டுக்கு அது தேவையில்லை என்று பேட்டரி அண்ணன் வாசலில் நின்று சொன்னாராம். நான் அவரைப் பார்க்கவில்லை.

மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டேன். போனும் இப்போது என்னிடம் இல்லை. அதனால் நேரம் நிறைய இருக்கிறது. முதல் வாரம் முழுக்க உன் ஆற்றில் விழுந்துகொண்டே இருந்தேன். இப்போது நடக்கவும் சுவர் எழுப்பவும் கதவு மாட்டவும் வருகிறது. ஒரு சந்தேகம். அதில் எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருக்கிறது. உள்ளே இருப்பவர் போட்டுக்கொள்கிற மாதிரி வைக்க முடியாதா?

இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டு அக்கா தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதனால் இன்னொன்றும் எழுதுகிறேன். கொஞ்ச நாள் வேறெங்காவது போய் இருக்கலாமா என்று தோன்றுகிறது. எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. நீ வெளியே இருந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன், நேராக வந்திருப்பேன். ஒரு யோசனை சொல்லு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு

*

பிப்ரவரி 20

வாலு,

நலம். உன் கடிதம் கைக்கு வந்த அன்று இங்கே எல்லோரிடமும் காட்டினேன். என் கையெழுத்தைவிட உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று கடிதம் படிக்கிற ஐயாவே சொன்னார். மாப்பிள்ளை சௌக்கியமா?

கதவு விஷயம் சுலபம். கதவையே திருப்பி மாட்டு. தாழ்ப்பாள் உள்ளே வந்துவிடும். நாங்கள் செய்யும்போது ஒருத்தருக்கும் உள்தாழ்ப்பாள் வேண்டும் என்று தோன்றவில்லை.

இன்னொன்று. வேறெங்காவது போய் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். கல்யாணமான புதிதில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இரண்டு கை தட்டினால்தான் ஓசை. மாப்பிள்ளை தன் கடையில் அத்தனை பேரை மேய்த்துவிட்டு வருகிற மனிதர். ஒரு சொல் முன்னே பின்னே வந்தால் நீ விட்டுக்கொடுத்துப் போ. பொறுத்தார் பூமி ஆள்வார். அம்மா அப்பாவோடு எப்படிக் காலம் தள்ளினாள் என்று பார்த்தவள்தானே நீ. நான் வெளியே வரும்வரை உனக்கு அவர்தான் துணை. அதை மறந்துவிடாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

நிறைய எழுத முடியவில்லை. தபாலை எடுத்துப்போக அவர் காத்திருக்கிறார். இனிமேல் அவரே கொண்டுபோய்ப் போட்டுவிடுவார். பக்கத்து வீட்டு அக்கா இப்போதெல்லாம் வருவதில்லை.

மார்ச் மாதம் படியில் கால் தவறி விழுந்தேன். இடது காதில் ஓர் இரைச்சல், மற்றபடி ஒன்றுமில்லை. உன் கடிதத்தை அவர்தான் எனக்கு வாசித்துக் காட்டினார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்ற இடத்தை மட்டும் மறுபடி வாசித்தார்.

உன் உலகத்தில், ஆற்றுக்கு அந்தப்பக்கம், நாங்கள் இருக்கும் வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அளவு பிசகாமல் வர வேண்டும்.

வாலு

*

ஏப்ரல் 28

டேய் வயர்,

உயிரோடு இருக்கியா, இல்லை சிறையையும் ஷார்ட் சர்க்யூட் ஆக்கிட்டியா? இங்கே நானும் கடையும் ஒருமாதிரி ஓடிக்கொண்டிருக்கிறோம். எங்க அக்கா உன்னை விசாரித்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, இன்னும் அதே எலும்பு வார்டுதான், அதே முழிதான்.

பென் டிரைவ் வாங்கப் போனேன். உன் மாப்பிள்ளை வாசலிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார். தங்கச்சி தூங்குகிறாளாம். போன தடவையும் தூக்கம்தான். கடைக்கு வந்து போட்டுப் பார்த்தேன். அசந்துட்டேன்டா! நீ கட்டியதெல்லாம் ஒரு கட்டடமா? அவள் கட்டியிருக்கிறாள் பார், ஒரு வீடு. கதவைத் திறந்தால் நாமே உள்ளே போன மாதிரி இருக்கு. சாப்பாட்டு மேசை, துணி காயப்போடும் கம்பி, அடுப்புக்கு மேலே புகைக்கறை, எல்லாம்.

சில வேடிக்கையும் இருக்கு. படுக்கையறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். திருப்பி மாட்டத் தெரியவில்லை என்று நினைத்தேன், ஆனால் குளியலறைக் கதவுக்குச் சரியாக உள்ளே வைத்திருக்கிறாள். ஹாலில் நாற்காலியில் ஒரு ஆள் பொம்மை, முகமே வைக்கவில்லை. அந்தப் பொம்மை கண்ணுக்குக் குளியலறை வாசல் மட்டும் படாது. நான் அதன் இடத்தில் நின்றே பார்த்துவிட்டேன்.

குளியலறைக்குள் ஒரு வாளி கவிழ்ந்து கிடக்கு. அதில் ஏறினால் வென்டிலேட்டர். கண்ணாடிப் பட்டைகளைக் கழற்றலாம். அந்தப்பக்கம் தகரக் கூரை, அப்புறம் இரண்டு மதிலுக்கு நடுவே ஒரு சந்து, சலவைக்கடைப் பின்புறம், கடைசியில் ஒரு பஸ் நிலையம். ஈ காக்கை இல்லை. ஒரே ஒரு பஸ், கதவு திறந்தபடி நிற்கிறது. சீட்டுக்கடியில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு மாற்றுத்துணி, ரொட்டி, தண்ணீர். கடைக்கு வருகிறவர்களெல்லாம் இப்போது அந்த வழியில் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள்.

உடம்பைத் தேற்று. வெளியே வந்ததும் உனக்கு ஷாக் அடிக்காத வேலையாகப் பார்ப்போம்.

பேட்டரி

*

மே 6

வாலு,

சுகமா? காதுக்கு டாக்டரைப் பார்த்தாயா? இங்கே வெயிலில் சுவரெல்லாம் கொதிக்கிறது, மற்றபடி எனக்குக் குறையில்லை.

பேட்டரி உன் புகழ் பாடி எழுதியிருக்கிறான். அடி கள்ளி! குளியலறை வென்டிலேட்டர் வழியாகத் தகரக் கூரையில் இறங்கி, சந்து வழியாக, சலவைக்கடையைச் சுற்றிப் பஸ் நிலையம் வரைக்கும் போட்டிருக்கிறாயாமே ஒரு வழி! பஸ்ஸுக்குள் மாற்றுத்துணிகூட வைத்திருக்கிறாயாம். இத்தனை வருடம் மாட் செய்த எங்களுக்கு இப்படி ஒரு யோசனை வரவில்லை. மாப்பிள்ளையிடமும் காட்டு. தன் வீட்டிலிருந்தே ஒரு சாகசப் பயணம் கிளம்புகிறது என்று தெரிந்தால் சந்தோஷப்படுவார்.

இன்று எனக்கு மனசு நிறைந்திருக்கிறது. நீ பழையபடி வாலாகிவிட்டாய்.

உன் அண்ணன்

*

ஜூன் 15

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

தங்கள் உடல்நலம் அறிய ஆவல். இங்கு யாவரும் நலம்.

உங்கள் தங்கைக்கு வலது கையில் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. எழுத முடியாது என்பதால் நானே எழுதுகிறேன். கவனமில்லாமல் நடந்தால் இப்படித்தான். ஜூலை முதல் வாரம் கட்டுப் பிரிப்பார்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

மே மாதம் நீங்கள் எழுதிய கடிதம் மிகவும் உபயோகமாக இருந்தது. நீங்கள் சொன்னபடியே அவளை எனக்குக் காட்டச் சொன்னேன். முழுவதும் பார்த்தேன். நல்ல மூளை உங்கள் தங்கைக்கு. அந்த வென்டிலேட்டரை மறுநாளே கொத்தனாரை வைத்துச் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். கம்ப்யூட்டரை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். விளையாட்டு அதிகமானால் குடும்பத்துக்கு ஆகாது.

இனி அவளுக்குத் தனியாக எழுத வேண்டாம். எனக்கு எழுதினால் போதும், நான் சொல்லிவிடுகிறேன்.

தங்கள் அன்புள்ள
மாப்பிள்ளை

*

ஜூன் 21

பேட்டரி,

நலம் விசாரிக்க நேரமில்லை. இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு கடையை மூடு.

அவள் கட்டியது விளையாட்டு இல்லைடா. அது அவள் வீடு. தாழ்ப்பாள் வெளியே இருப்பது தப்பாக மாட்டியதால் இல்லை, நிஜத்திலேயே வெளியேதான் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பொம்மை அவன். அந்த வழி அவள் தப்பித்து ஓடப்போட்ட வழி. அதை நான் விலாவாரியாகப் புகழ்ந்து அவன் வீட்டு விலாசத்துக்கே எழுதிப்போட்டேன். அவன் என் கடிதத்தைப் பிரித்துப் படித்தான், வென்டிலேட்டரை அடைத்தான், அவள் கையை உடைத்தான். கவனமில்லாமல் நடந்தாளாம். என்ன நிதானமாக எழுதியிருக்கிறான் தெரியுமா? எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை.

பிப்ரவரியில் அவள் என்னிடம் யோசனை கேட்டிருந்தாள். பொறுத்துப் போ என்று எழுதினேன். அதையும் அவன் படித்திருக்கிறான். அடுத்த கடிதத்தில் படியில் விழுந்தேன் என்று எழுதினாள். நானும் நம்பினேன். இங்கே எங்கள் அறையில் இருக்கிற கிழவர், பொண்டாட்டியைக் கொன்றுவிட்டு வந்தவர், மாப்பிள்ளை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "தம்பி, இது நான் எழுதற மாதிரியே இருக்கு" என்றார்.

ஜூலை முதல் வாரம் கட்டுப் பிரிக்க வருவாள். ஊரில் எலும்பு வார்டு என்றால் உங்கள் அக்கா இருக்கிற ஆஸ்பத்திரி ஒன்றுதான். எப்படியாவது வாலுவை வெளியே கொண்டுவரச் சொல்லி அக்கா காலில் நான் விழுந்து கேட்டதாகச் சொல்லு. அந்த வீட்டு விலாசத்துக்கு ஒரு வரிகூட எழுதிவிடாதே. உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

வயர்

*

ஜூலை 9

வயர்,

முதலில் இதைப் படி: தங்கச்சி வெளியே வந்துவிட்டாள். இனி மூச்சுவிடு.

உன் கடிதம் கிடைத்த அன்றே அந்த வீட்டுக்குப் போனேன். "பென் டிரைவ் வாங்க வந்தேன்" என்றேன். "இனிமே அதெல்லாம் கிடையாது தம்பி" என்று உன் மாப்பிள்ளை சிரித்த முகமாகவே கதவைச் சாத்தினார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். "நீ யாரு அந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டார்கள். யாரென்று சொல்வது? "புருஷன் பொண்டாட்டி விவகாரத்துல மூணாவது ஆளுக்கு என்ன வேலை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அக்காவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "அந்தக் கையைப் பார்த்தப்பவே தெரியும்டா. முறுக்கி ஒடிச்ச கை வேற, விழுந்து ஒடிஞ்ச கை வேற. கேட்டேன். படியில விழுந்தேன்னு சொன்னா. பக்கத்துலயே அவன் நின்னான், வேற என்ன சொல்லுவா?" என்றாள். இத்தனை நாள் நான் அந்தக் குளியலறையில் ஓடிப்பிடித்து விளையாடியதை அவளிடம் சொல்லாமல் மறைத்துவிட்டேன்.

கட்டுப் பிரிக்கிற அன்று மாப்பிள்ளையும் கூடவே உள்ளே வந்தாராம். அக்கா மறித்தாள். "இது பொம்பளைங்க அறை, நீங்க வெளிய உக்காருங்க."

"நான் அவ வீட்டுக்காரர்."

"யாரா இருந்தாலும் வெளியதான். கட்டு வெட்டுற மெஷின் ஓடும்போது கூட்டம் கூடாது."

நாலு பேருக்கு முன்னால் சண்டை போட அவருக்கு மனமில்லை. மரியாதையான மனிதரல்லவா! உட்கார்ந்துவிட்டார். அக்கா கதவைச் சாத்தி, மெஷினைச் சும்மா ஓடவிட்டு, தங்கச்சியிடம் கேட்டாளாம்: "இந்தப் பக்கம் இன்னொரு கதவு இருக்கு. வெளிய என் தம்பி ஆட்டோவோட நிக்கிறான். போறியா?" தங்கச்சி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாளாம். மாவுக்கட்டை, ஆட்டோ போய்ச் சேர்ந்த இடத்தில்தான் பிரித்தார்களாம்.

ஆட்டோவில் வரும்போது என்னிடம் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணே, பின்னாடி யாரும் வர்றாங்களா?" வழி நெடுக அதையேதான் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்து இல்லை என்றேன். பாதி வழியில் அக்கா தோழி ஒருத்தி ஏறிக்கொண்டாள், நான் இறங்கிக்கொண்டேன். தங்கச்சி இருக்கும் இடம் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

மறுநாள் அவர் கடைக்கு வந்து கண்ணாடியையெல்லாம் உடைத்தார். அங்கேயும் வருவார், உன்னைப் பார்க்க. எங்கே என்று கேட்பார். உனக்குத் தெரியாததால் உளறவும் முடியாது. கோபித்துக்கொள்ளாதே, அதுவும் நல்லதுதான்.

பேட்டரி

*

ஆகஸ்ட் 30

அண்ணாவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? பேட்டரி அண்ணனின் அக்கா வழியாக இதை அனுப்புகிறேன். என் விலாசம் இதில் இருக்காது.

ஜூலையிலேயே எழுதியிருக்கலாம். கை எழுதப் பழக நாளாயிற்று, அது ஒரு காரணம். தோளுக்குப் பின்னால் யாரும் நிற்காமல் ஒரு கடிதம் எழுதி எவ்வளவோ காலமாகிவிட்டது, என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அது இன்னொன்று. இடது காது இனிக் கேட்காது என்று சொல்லிவிட்டார்கள். கை முழுக்க நீளாது. வயிற்றில் ஒரு குழந்தை வந்திருந்தது, மார்ச் மாதம் போய்விட்டது. இதை நான் உனக்கு எழுதவில்லை, எழுத முடியவும் இல்லை.

உன் உலகத்தில் நான் அழகுக்காக எதையும் கட்டவில்லை. பழகிப் பார்க்கத்தான் கட்டினேன். சமைத்து முடித்ததும் உட்காருவேன். அவரும் எதிரே உட்கார்ந்திருப்பார். எட்டிப் பார்ப்பார். சுவர் கட்டுகிறேன், கதவு மாட்டுகிறேன். "சின்னப்பிள்ளை மாதிரி" என்று சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொள்வார். நான் வாளியில் ஏறி, கூரையில் இறங்கி, சந்தில் ஓடுவேன். எந்த இடத்தில் சத்தம் வரும், எந்த இடத்தில் நிற்கக்கூடாது என்று மனப்பாடமாகிவிட்டது. மே மாதம் ஒருநாள் நிஜமாகவே ஒரு கண்ணாடிப் பட்டையைக் கழற்றி, மறுபடி சும்மா சொருகி வைத்தேன். அந்த வாரம் போயிருப்பேன். உன் கடிதம் வந்தது.

அவர் வாசித்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போடச் சொன்னார். "நட பார்க்கலாம்" என்றார். நடந்து காட்டினேன். வாளி, வென்டிலேட்டர், தகரக் கூரை, சந்து, சலவைக்கடை. பஸ் நிலையம் வந்தது. "ஏறு" என்றார். ஏறினேன். "டிக்கெட் எடுத்தியா?" என்று கேட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுத்தான் கையைப் பிடித்தார்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை. மே மாதக் கடிதத்துக்கு உன்மேல் எனக்குக் கோபமில்லை, அண்ணா. அது தப்பிக்கிற வழி என்று உனக்குத் தெரியாது. ஆனால் பிப்ரவரியில் நான் எழுதியதை யாரும் பிரித்துப் படித்துவிட்டு உன்னிடம் மாற்றிச் சொல்லவில்லை. அதை நீதான் படித்தாய். படித்துவிட்டுத்தான் பொறுத்துப் போ என்று எழுதினாய். அவர் அடித்ததெல்லாம் எனக்கு வரிசையாக நினைவில்லை. அந்த வரி நினைவிருக்கிறது.

அவர் உன்னைப் பார்க்க வந்ததாகவும் நீ எழுந்துகூட வரவில்லை என்றும் கேள்விப்பட்டேன். நல்லது.

பேட்டரி அண்ணன் கடையில், நம் கைக்கு எட்டுகிற கடைசி நகல் ஒன்று இருந்தது. நர்ஸ் அக்காவின் போனில் பேசி, அதை அழித்துவிடச் சொன்னேன். ஆற்றுக்கு அந்தப்பக்கம் மட்டும் அழித்தால் போதாதா என்று கேட்டார். "வயர் வருஷக்கணக்கா கட்டினதும்மா. உங்க அம்மா இருந்த வீடுகூட அதுலதான் இருக்கு" என்றார்.

"அம்மாவும் பொறுத்துப் போனவங்கதான்ணே" என்றேன்.

அவர் அழித்துவிட்டார்.

திங்கட்கிழமை முதல் ஒரு இடத்தில் வேலைக்குப் போகிறேன். வலது பக்கமாக நின்று பேசச் சொல்லி எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். நீ விடுதலையானதும் என்னைத் தேடாதே. உன்னைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றினால் நானே வருவேன். தோன்றாமலும் போகலாம், தெரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

தங்கை